எண்பத்தேழில் ஒரு பங்கு ராயபுரம்

பழைய ரயில் புகைப்படங்களும் மாதிரி ரயில் அமைப்புகளும் தனிமனிதர்களின் பொழுதுபோக்காக மட்டுமே கருதப்படுகின்றன. வடசென்னையின் தொழில் வரலாற்றுக்கு அவை இன்றியமையாத சான்றுகள் என்பதை ராயபுரம் உணர்த்துகிறது.

இந்தியாவில் இன்றும் நிலைத்து நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழமையானது ராயபுரத்தில் உள்ளது என்பதைச் சென்னைவாசிகள் பலரும் கேள்விப்பட்டிருப்பர். அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஒரு காலத்தில் எத்தனை தண்டவாளங்கள் ஓடின, இன்ஜின்கள் எங்கே தண்ணீர் பிடித்தன, கடற்கரையிலிருந்து வந்த சரக்கு எந்தப் பக்கமாக ஏற்றப்பட்டது, கைகாட்டி மரங்கள் எங்கெங்கே நின்றன என்பனவற்றை அறிந்தவர் மிகச் சிலரே. செங்கல்லும் சுண்ணாம்பும் எஞ்சியிருக்க, அக்கட்டடத்தை ரயில் நிலையமாக இயங்கச் செய்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டுவிட்டன. நினைவுச் சின்னமாகக் கட்டடத்தைப் பாதுகாப்பவர்கள்கூடத் தண்டவாளத்தையும் தடம் மாற்றும் பாயிண்டையும் பாதுகாக்க வேண்டியவையாக எண்ணுவதில்லை.

மறைந்துபோன அந்த ஏற்பாடுகளை மீட்கும் வேலையை ரயில் ஆர்வலர்கள் உலகெங்கும் இரண்டு வழிகளில் செய்துவருகிறார்கள். பழைய ரயில் புகைப்படங்களைத் தேடிச் சேர்த்து, அவற்றின் காலத்தையும் இடத்தையும் கண்டறிந்து வகைப்படுத்துவது ஒன்று. உண்மையான ரயில் பாதை ஒன்றை நிலையம், கைகாட்டி, பாலம், சுற்றுப்புறம் ஆகியவற்றோடு குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி, மின்சாரத்தால் வண்டிகள் ஓடும்படி மேசைமீது அமைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதையே மாதிரி ரயில் அமைப்பு என்கிறோம். இரண்டையும் தனித்தனியே நோக்கினால் அவை பொழுதுபோக்குகளாகத் தோன்றும்; சேர்த்து நோக்கும்போது, புகைப்படம் சான்றாகவும் மாதிரி அச்சான்றைச் சோதிக்கும் களமாகவும் அமைந்து, எழுத்து ஆவணங்கள் தராத ஒரு வரலாற்றைத் தருகின்றன. அத்தகைய வரலாறு வேறெந்த இடத்தையும்விட ராயபுரத்துக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

ரயிலும் கேமராவும் நிலைபெற்ற ஆண்டு

தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் பாதைக்கான வேலையை மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1853இல் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையிலும், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவுக்கும் ஹூக்ளிக்கும் இடையிலும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ராயபுரம் நிலையத்தை 1856 ஜூன் 28 அன்று மதராஸ் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஆளுநரும் அழைப்பாளர்களும் ஏறிய வண்டி ஆற்காட்டுப் பகுதியை நோக்கிச் செல்ல, மற்றொரு வண்டி திருவள்ளூர் வரை சென்றது. ஜூலை 1 முதல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவுக்குப் பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. பெட்டிகள் சென்னையின் சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டப்பட்டன. கொரிந்தியப் பாணித் தூண்கள், அதாவது உச்சியில் இலைக்கொத்து வடிவம் செதுக்கப்பட்ட தூண்கள், வரிசையாக நிற்கும் நிலையக் கட்டடத்தை வடிவமைத்தவர் வில்லியம் அடெல்பி டிரேசி என்பவர். பம்பாயிலும் ஹவுராவிலும் முதலில் எழுந்த நிலையக் கட்டடங்கள் பிற்காலத்தில் பெரிய நிலையங்களுக்கு இடம்கொடுத்து மறைந்ததால், அவற்றுக்குப் பின்னர் வந்த ராயபுரமே இன்று எஞ்சியவற்றில் மூத்ததாகிறது.

மதராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கப்பட்டதும் அதே 1856ஆம் ஆண்டில்தான். மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி நியமிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். ஆயினும் ராயபுரம் திறப்பு விழாவை மக்கள் கண்முன் நிறுத்தியவை புகைப்படங்கள் அல்ல. லண்டனிலிருந்து வெளிவந்த ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழில் அச்சான செதுக்கோவியங்களே. மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்படும் அத்தகைய படங்கள், நேரில் கண்டவரின் கோட்டோவியத்தை வைத்து வேறொரு நாட்டில் அமர்ந்த கைவினைஞர் உருவாக்கியவை என்பதால், விழாவின் கோலாகலத்தைக் காட்டினாலும் தூணின் உயரத்துக்கோ தண்டவாளத்தின் எண்ணிக்கைக்கோ உறுதியான சான்றாக மாட்டா.

கேமரா ஊருக்குள் வந்திருந்தும் ரயிலை அது அதிகம் நாடாமைக்குக் காரணங்கள் உண்டு. டிரைப் 1857இன் இறுதியிலும் 1858இலும் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றி எடுத்த படங்கள் பெரும்பாலும் கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் பற்றியவை. பழமையைப் பதிவுசெய்வதே அரசு அவருக்கு இட்ட பணி. தொழில்நுட்பமும் ஒத்துழைக்கவில்லை. அக்காலத்தில் பரவலாக இருந்த ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைக்கரைசலைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். ஒளிபடும் நேரமும் சில விநாடிகளுக்குக் குறையாது. ஓடும் ரயில் அந்தத் தகட்டில் வெறும் புகைமூட்டமாகவே விழும். 19ஆம் நூற்றாண்டு ரயில் புகைப்படங்களில் இன்ஜின் எப்போதும் நின்றுகொண்டிருப்பதற்கும், அதன் முன்னால் பணியாளர்கள் அசையாமல் வரிசையில் நிற்பதற்கும் இதுவே காரணம். வீலே அண்ட் கிளைன் போன்ற சென்னை ஸ்டுடியோக்கள் நகரக் காட்சிகளை எடுக்கத் தொடங்கிய காலத்தில் உலர்தகடுகள் வந்துவிட்டன. ஆனால் அதற்குள் நகரத்தின் முகம் வேறிடம் மாறியிருந்தது. 1873இல் சென்ட்ரல் நிலையமும் 1908இல் எழும்பூர் நிலையமும் எழுந்த பின், அஞ்சலட்டைகளில் இடம்பிடித்தவை அவ்விரண்டு மாளிகைகளே. 1922இல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புதிய கட்டடம் எழும்வரை ரயில்வே தலைமையகமாக விளங்கிய ராயபுரம், சரக்கும் ஷண்டிங்கும் நிறைந்த வேலைக்களமாக மாறி, அஞ்சலட்டைக்காரர்களின் பார்வையிலிருந்து விலகிப்போனது.

ஒரு படத்தைப் படிப்பது எப்படி

இவ்வாறு படங்கள் அரிதாக உள்ள இடத்தில், கிடைக்கும் ஒவ்வொரு படத்திலிருந்தும் எவ்வளவு செய்தியைப் பெறலாம் என்பதில்தான் ஆர்வலரின் புலமை வெளிப்படுகிறது. பழைய ரயில் படங்களில் பெரும்பாலானவற்றில் தேதி இருக்காது, ஊர்ப்பெயர்கூட இருக்காது. ஆனால் ரயில்வே என்பது எல்லாவற்றுக்கும் எழுத்தும் எண்ணும் இட்டு வைக்கும் நிறுவனம் என்பதால், படத்துக்குள்ளேயே காலக்குறிப்புகள் பொதிந்திருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினின் கரிவண்டியில், அதாவது நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் பகுதியில், எழுதப்பட்டிருக்கும் நிறுவன எழுத்துகளை. மெட்ராஸ் ரயில்வேயும் சதர்ன் மராட்டா ரயில்வேயும் 1908இல் இணைந்து மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ஆயின. 1951 ஏப்ரல் 14 அன்று அது பிற ரயில்வேக்களோடு தெற்கு ரயில்வேயில் கலந்தது. ஆகவே ‘எம். அண்ட் எஸ்.எம்.’ என்னும் எழுத்துள்ள படம் அவ்விரு ஆண்டுகளுக்கிடையே எடுக்கப்பட்டதாகவோ, பெயின்ட் மாற்றப்படாத நிலையில் சற்றுப் பின்னர் எடுக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். அடுத்தது எண். 1950களின் பிற்பகுதியில் அகில இந்திய எண்முறை புகுத்தப்பட்டு, பழைய கம்பெனி எண்கள் மாற்றப்பட்டதால், எண் பலகையே பல படங்களின் காலத்தை ஓரளவு வரையறுத்துவிடும். குண்டு வடிவ மூக்குடைய டபிள்யூ.பி. வகைப் பயணியர் இன்ஜின் தெரிந்தால் படம் 1947க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. ஊர்ப்பலகையில் கடல்மட்டத்துக்கு மேலான உயரம் அடியில் உள்ளதா மீட்டரில் உள்ளதா, இந்தி எழுத்து உள்ளதா, தலைக்குமேல் மின்கம்பி ஓடுகிறதா என்பன அடுத்தடுத்த வரம்புகள். கும்மிடிப்பூண்டித் தடத்தில் மின்சார வண்டிகள் வந்தது 1970களின் இறுதியில் என்பதால், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளின் படங்களை மின்கம்பி இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

காலத்துக்கு அடுத்தது அளவு. மறைந்துபோன கட்டடம் ஒன்றின் உயரத்தைப் படத்திலிருந்து கணிக்க வேண்டுமானால், அதே படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். ரயில் படங்களில் அது எப்போதும் கிடைக்கிறது என்பதே அவற்றின் தனிச்சிறப்பு. அகலப்பாதையில் இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். பெட்டிகளின் இரு முனைகளிலும் மோதலைத் தாங்கும் பஃபர்களின் மையங்களுக்கு இடையே 1956 மில்லிமீட்டர். இந்த இரண்டு அளவுகளில் ஒன்று படத்தில் தெளிவாகத் தெரிந்தால், அதே தூரத்தில் நிற்கும் தூண், கதவு, கைகாட்டி மரம் ஆகியவற்றின் உயரத்தை விகிதக் கணக்கால் நெருங்கிவிடலாம். பார்வைக் கோணத்தால் நேரும் சுருக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதால் இது எளிய வேலை அன்று. ஒரே இடத்தின் இரண்டு மூன்று படங்களை ஒப்பிட்டுத்தான் துல்லியத்தை எட்ட முடியும். ஒருவரிடம் உள்ள ஒற்றைப் படத்தைவிட, பலரிடம் சிதறியுள்ள படங்கள் ஒன்றுசேரும்போது மதிப்புப் பன்மடங்காவது இதனால்தான்.

விகிதம் விதிக்கும் ஒழுங்கு

சேர்த்த படங்களையும் கணித்த அளவுகளையும் கொண்டு மாதிரியை உருவாக்க முற்படும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது விகிதம். உலகில் மிகப் பரவலாக உள்ளது எச்.ஓ. எனப்படும் விகிதம்; அதில் எல்லாம் உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்காகச் சுருக்கப்படும். இடநெருக்கடி உள்ளோர் 160இல் ஒரு பங்கான ‘என்’ விகிதத்தை நாடுவர். ஐ.சி.எஃப். என்னும் பெட்டித் தொழிற்சாலையின் பெயர்கொண்ட வகைப் பெட்டியின் உடல் நீளம் 21 மீட்டருக்குச் சற்று மேல்; எச்.ஓ. விகிதத்தில் அது சுமார் 245 மில்லிமீட்டர் ஆகிறது. 12 பெட்டிகள் கோத்த வண்டி 3 மீட்டரைத் தாண்டிவிடும். 1856இன் முதல் பாதையான ராயபுரம்–வாலாஜா ரோடு தடத்தை இந்த விகிதத்தில் முழுமையாக அமைக்க ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம் வேண்டும். ஆகவே எந்த மாதிரியும் முழுப்பாதையைக் காட்ட இயலாது. எதைக் காட்டுவது, எதைச் சுருக்குவது, எதை விடுவது என்னும் தேர்வே அதன் அடிப்படை. வரலாற்றாசிரியர் செய்யும் தேர்வும் இத்தகையதே.

இந்திய ரயில் பாதையை மாதிரியாக்குவோர் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அதை 87ஆல் பெருக்கினால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1435 மில்லிமீட்டர் இடைவெளி வருகிறது. இந்திய அகலப்பாதையோ இதே விகிதத்தில் ஏறத்தாழ 19.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், அகன்ற உடலும் அகன்ற நிற்பும் கொண்ட இந்திய இன்ஜினைக் குறுகிய தண்டவாளத்தின்மேல் நிறுத்தும்போது அதன் தோற்றமே மாறிவிடுகிறது. பெரும்பாலோர் இந்தக் குறையை ஏற்றுக்கொண்டு கடைத் தண்டவாளத்தையே பயன்படுத்துகிறார்கள். கண்டிப்பானவர்கள் தண்டவாளத்தையும் சக்கரத்தொகுதியையும் தாங்களே செய்துகொள்கிறார்கள். இந்திய இன்ஜின்கள் மாதிரிச் சந்தையில் அதிகம் கிடைக்காத காரணத்தால், வெளிநாட்டு மாதிரியின் மோட்டாரையும் அடிச்சட்டத்தையும் வைத்துக்கொண்டு மேலுடலை அட்டையிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ முப்பரிமாண அச்சிலோ புதிதாகச் செய்வது இங்கே வழக்கமாகிவிட்டது. கூடங்களில் ஓடும் ஒவ்வொரு இந்திய வண்டிக்குப் பின்னாலும் வரைபடம் தேடியும் பெட்டிகளை நேரில் அளந்தும் செய்த உழைப்பு இருக்கிறது.

வளைவுகளிலும் இதே போராட்டம் தொடர்கிறது. இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர், எச்.ஓ. விகிதத்தில் அது 2 மீட்டர். தொடக்கநிலை மாதிரித் தொகுப்புகளோடு விற்கப்படும் வளைவுத் துண்டுகளின் ஆரமோ அரை மீட்டரைக்கூட எட்டுவதில்லை. நீண்ட இந்தியப் பெட்டிகள் அவ்வளவு கூரிய வளைவில் திரும்பும்போது அவற்றின் முனைகள் வெளியே துருத்தி நிற்கும். இவற்றையெல்லாம் எண்ணிப்பார்த்து இடத்தைத் திட்டமிடும்போதுதான், 1850களின் பொறியாளர்கள் நிலையத்துக்கு முன்னும் பின்னும் ஏன் அவ்வளவு பரந்த நிலத்தைக் கேட்டார்கள் என்பது புரிகிறது. மெட்ராஸ் ரயில்வேயின் தொடக்க காலத் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்லே புரூஸ் முதலானோர் காகிதத்தில் தீர்த்த கணக்கை, மாதிரி அமைப்பவர் பலகையின்மேல் மறுபடியும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இயக்கமே சோதனை

ஓடாத மாதிரி அழகிய பொம்மையாக நின்றுவிடும். ஓடும் மாதிரி கேள்வி கேட்கும். புகைப்படத்தில் ஒரு சரக்குக் கொட்டகைக்குப் பக்கவழி செல்வதாகத் தெரிகிறது என்று கொள்வோம். அதை அப்படியே பலகையில் அமைத்து வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது, இன்ஜின் பெட்டிகளைக் கொட்டகைக்குள் தள்ளியபின் தான் வெளியே வருவதற்கு வழியில்லை என்று தெரிந்தால், படத்தில் தெரியாத பாயிண்ட் ஒன்று, அதாவது ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு வண்டியை மாற்றும் நகரும் தண்டவாளம், அருகே இருந்திருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வர நேரும். அதன்பின் பழைய வரைபடங்களிலும் வேறு படங்களிலும் அந்தப் பாயிண்டைத் தேடுவது ஆய்வின் அடுத்த படி. எழுத்தில் வரலாறு சொல்பவர் இத்தகைய இடைவெளியைக் கவனியாமல் கடந்துவிடலாம். மாதிரி அமைப்பவரால் கடக்க முடியாது.

இதை ரயில்வே நிர்வாகமே உணர்ந்திருக்கிறது. நிலைய அதிகாரிகளுக்கும் பாயிண்ட்ஸ்மேன்களுக்கும் பயிற்சி தரும் நிலையங்களில் மாடல் அறை என்று ஒரு கூடம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பகுதியில் ஒரு வண்டியை மட்டுமே அனுமதிக்கும் பிளாக் முறை, கைகாட்டியும் பாயிண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இயங்காதபடி தடுக்கும் இணைப்புப் பூட்டு முறை ஆகியவற்றை மேசைமீது ஓடும் வண்டிகளைக் கொண்டு அங்கே கற்பிக்கிறார்கள். உதய்ப்பூர்ப் பயிற்சி நிலையத்தின் மாடல் அறை இவற்றுள் பெயர்பெற்றது. ஆயிரக்கணக்கான உயிர்களின் பாதுகாப்புக்கான பயிற்சியை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஒரு கருவியைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குவது பொருந்தாது.

தனிமனித ஆர்வம் பொதுச்சொத்தாக மாறியதற்கு இந்தியாவில் சிறந்த எடுத்துக்காட்டு புணேயில் உள்ளது. அங்குள்ள கோத்ருட் பகுதியில் பாவுசாகேப் ஜோஷி தம் வாழ்நாள் ஈடுபாட்டால் உருவாக்கிய ஜோஷி மாதிரி ரயில் அருங்காட்சியகம் 1998இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கைகாட்டிகளும் வேலிகளும் விளக்குக் கம்பங்களும் கொண்ட சிறு நகரம் ஒன்றின் நடுவே பலவகை வண்டிகள் ஓடுகின்றன. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977இல் திறக்கப்பட்டதற்குப் பின்னாலும் ஓர் ஆர்வலரே நின்றார்: தனியார் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மைக்கேல் சாட்டோ, இந்தியாவெங்கும் அலைந்து பழைய இன்ஜின்களை அடையாளம் காட்டியிராவிட்டால் அவற்றுள் பல பழைய இரும்பாக உடைக்கப்பட்டிருக்கும். சென்னையிலும் இத்தகைய திறன் இல்லாமலில்லை. 1855இல் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் நீராவி இன்ஜினைப் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் 2010இல் மீண்டும் ஓடச்செய்தார்கள். ஐ.சி.எஃப். வளாகத்தில் 2002 முதல் இயங்கும் ரயில் அருங்காட்சியகம் பழைய பெட்டிகளையும் இன்ஜின்களையும் காட்சிப்படுத்துகிறது. இருந்தும், தென்னிந்தியாவில் ரயில் சேவை தொடங்கிய இடமான ராயபுரத்திலேயே அந்தத் தொடக்கத்தை விளக்கிக் காட்டும் ஓடும் மாதிரி ஒன்று அமைய வேண்டும் என்னும் தேவை அப்படியே இருக்கிறது.

பலகையில் வடசென்னை

அப்படி ஒரு மாதிரி அமையுமானால் அதில் எவையெல்லாம் இடம்பெற வேண்டும்? நிலையக் கட்டடம் மட்டும் போதாது. ராயபுரம் ஏன் அங்கே அமைந்தது என்பதற்கு விடை அதன் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. 1856இல் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது; கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள், அதாவது ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட பலகைப் படகுகள், அலையைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன. கருப்பர் நகரத்தின் வணிகர்களுக்கும் படகோட்டிகளின் குடியிருப்புகளுக்கும் அருகே, நகர மதிலுக்கு வெளியே இடமகன்ற பகுதியாக இருந்தது ராயபுரம். 1876இல் தொடங்கிய துறைமுக வேலை 1881 புயலில் பெரும் சேதமடைந்து பின்னர் நிறைவேறியபோது, கப்பலும் ரயிலும் சந்திக்கும் தடங்கள் கடற்கரையோரம் பெருகின. மாதிரியில் ஒரு முனையில் படகும் மறுமுனையில் பெட்டியும் இருந்தால்தான், இடையே தலைச்சுமையாகவும் வண்டிச்சுமையாகவும் சரக்கை நகர்த்திய மனித உழைப்பு கண்ணுக்குத் தெரியும்.

இந்தப் பகுதியின் மற்றொரு தனித்தன்மை இருவகைப் பாதைகள் அருகருகே வந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து வடக்கே ராயபுரம் வழியாக அகலப்பாதையும், தெற்கே தாம்பரம் நோக்கி 1000 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் பாதையும் சென்றன. 1931இல் அந்த மீட்டர் பாதையில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. 2004இல் கடைசி மீட்டர் பாதை மின்சார வண்டி ஓய்ந்தது. வெவ்வேறு கம்பெனிகள் நடத்திய இரு பாதைகளும் ஒட்டி நின்ற இந்த எல்லையை மாதிரியில் அமைக்க, அகலப்பாதைக்கு ஒரு தண்டவாளமும் மீட்டர் பாதைக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளமும் தேவைப்படும். ஒரு பாதையின் பெட்டியிலிருந்து மறுபாதையின் பெட்டிக்கு ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி ஏற்ற வேண்டியிருந்த நிலையைப் பார்வையாளர் அங்கே ஒரு நோக்கில் உணர்வர்.

வடக்கே செல்லச் செல்லக் காட்சி மாறும். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையின் விரிந்த சரக்கு யார்டு, திருவொற்றியூரின் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அருகே அதன் பெயராலேயே அமைந்த விம்கோ நகர் நிலையம், கத்திவாக்கம், எண்ணூர், அங்கே அனல்மின் நிலையத்துக்காக ஓடிய நிலக்கரி வண்டிகள், உப்பளங்களுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே செல்லும் தடம் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு தொழிலின் கதையைத் தாங்கியவை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. அதன் புகைபோக்கிகள் இல்லாத வானத்தைக் காணும் அடுத்த தலைமுறை, அந்த நிலக்கரித் தடங்கள் எதற்காக அமைந்தன என்பதைப் படங்களிலிருந்தும் மாதிரிகளிலிருந்தும்தான் அறிய இயலும். ராயபுரம் இறந்தகாலத்தில் மட்டும் வாழவும் இல்லை. பழைய நிலையத்தின் அருகிலேயே மின்சார லோகோ ஷெட் இயங்குகிறது. நீண்டதூர விரைவு வண்டிகளை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.7 வகை இன்ஜின்கள் அங்கே பராமரிக்கப்படுகின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொடர்ச்சி ஒரே யார்டில் தெரிகிற இடம் நாட்டில் அதிகமில்லை.

உப்புக் காற்றும் குடும்ப ஆல்பமும்

இந்த வரலாற்றுக்குத் தேவையான படங்கள் எங்கே இருக்கின்றன? ரயில்வே ஆவணங்களிலும் வெளிநாட்டு நூலகங்களிலும் ஒரு பகுதி உண்டு. மற்றொரு பெரும்பகுதி வடசென்னையின் வீடுகளில், பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. பாதுகாப்புக் காரணங்களால் ரயில் நிலையங்களிலும் யார்டுகளிலும் அனுமதியின்றிப் படமெடுக்க நெடுங்காலம் தடை இருந்தமையால், உள்ளிருந்து எடுக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் பணியாளர்களிடமே தங்கின. ஓய்வுபெறும் நாளில் டிரைவருக்கு மாலையிட்டு இன்ஜின் முன்னால் நிறுத்தி எடுத்த படம், ஆயுத பூஜையன்று வாழைக்கன்று கட்டிச் சந்தனம் குங்குமம் இட்ட இன்ஜினைச் சூழ்ந்து லோகோ ஷெட் முழுவதும் நின்ற படம், மாற்றலாகிச் செல்லும் ஸ்டேஷன் மாஸ்டருக்கான வழியனுப்புப் படம் ஆகியவை குடும்ப நினைவுகளாகவே கருதப்பட்டுவருகின்றன. முகங்களுக்குப் பின்னால் தெரியும் தண்ணீர்த்தொட்டியும் கேபினும் கைகாட்டியும் வேறெங்கும் பதிவாகாதவையாக இருக்கக்கூடும் என்பதைக் குடும்பத்தினர் அறிவதில்லை.

அந்தப் படங்களுக்குக் காலம் குறைவு. கடலோரத்தின் ஈரமும் வெப்பமும் படத்தாளில் பூஞ்சையை வளர்க்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவமே நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனதாகையால், காற்றின் மாசு பட்டு அவ்வெள்ளி மேற்பரப்புக்கு வந்து கண்ணாடிபோல் பளபளத்து உருவத்தை மறைக்கிறது. அசிட்டேட் வகை நெகட்டிவ் பிலிம்கள் இந்தத் தட்பவெப்பத்தில் சிதைந்து, புளிக்காடி வாடை வீசி, சுருங்கி மடிகின்றன. பசை தடவிய பக்கங்களின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள் படங்களுக்கு மேலும் தீங்கு செய்கின்றன. காப்பதற்கான வழிகள் கடினமானவை அல்ல. படங்களைப் பசை ஆல்பத்திலிருந்து கவனமாகப் பிரித்து, அமிலம் கலவாத காகித உறைகளிலோ பாலியெஸ்டர் உறைகளிலோ இட்டு, சுவரோரத்துப் பெட்டியில் வைக்காமல் காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பின்புறத்தில் பெயர், இடம், ஏறத்தாழ ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஊடுருவும். அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையானது, படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது. பெயர் தொலைந்த படத்தில் தொழிலாளி வெறும் உருவமாகிவிடுகிறார்.

மாதிரி அமைப்புகளுக்கும் உப்புக் காற்று பகைதான். மோட்டாருக்கான மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே செல்வதால், துருவும் கருமையும் படிந்தால் வண்டி நின்றுவிடும்; இரும்புத் தண்டவாளத்தை விடுத்து நிக்கல் சில்வர் என்னும் உலோகக் கலவையாலான தண்டவாளத்தைப் பயன்படுத்துவதும் அதையும் அடிக்கடி துடைப்பதும் இங்கே கட்டாயம். ஒட்டுப்பலகை ஈரத்தில் உப்பி வளைந்தால் பாதை முழுவதும் பாழாகும். தனிவீட்டு மாடியறையில் உருவாகும் மாதிரி, அதை உருவாக்கியவரின் காலத்துக்குப் பின் பராமரிப்பாரின்றி எளிதில் அழிந்துவிடுவதற்கு இந்தப் பருப்பொருள் காரணங்களே போதும்.

செய்ய வேண்டியது

ராயபுரம் நிலையம் 2005இல் புதுப்பிக்கப்பட்டது. அதை நீண்டதூர வண்டிகளுக்கான முனையமாக்க வேண்டும் என்னும் வடசென்னை மக்களின் கோரிக்கை நெடுநாளாக ஒலித்துவருகிறது. முனையம் வருவதும் வராததும் நிர்வாக முடிவைச் சார்ந்தவை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு கூடத்தை ஒதுக்கி, 1856 முதல் நீராவிக் காலத்தின் முடிவு வரையிலான ராயபுரம் யார்டின் ஓடும் மாதிரியையும், வடசென்னை ரயில் குடும்பங்களின் படத்தொகுப்பையும் அங்கே நிறுவுவதற்குப் பெருநிதி தேவையில்லை. நிலம் வாங்கத் தேவையில்லை. தெற்கு ரயில்வேயிடம் வரைபடங்கள் உள்ளன. பெரம்பூர்ப் பணிமனைகளிடம் கைத்திறன் உள்ளது. ஆர்வலர்களிடம் படங்களைப் படிக்கும் புலமை உள்ளது. பகுதியின் தொழிற்பயிற்சி மாணவர்களிடம் மின்சுற்றும் முப்பரிமாண அச்சும் கற்கும் விருப்பம் உள்ளது. மாதிரியை ஒரேயடியாக முடித்துத் திறக்க வேண்டியதும் இல்லை. மக்கள் படம் கொண்டுவரக் கொண்டுவர, ஒவ்வொரு தடமாக, ஒவ்வொரு கொட்டகையாகச் சேர்த்து வளர்த்தால், ஒரு படம் புதிதாகக் கிடைக்கும்போதெல்லாம் பழைய ஊகம் ஒன்று திருத்தப்படும். எந்தப் பகுதி எந்தப் படத்தின் அடிப்படையில், யாருடைய குடும்பத்தின் கொடையால் அமைந்தது என்று பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தால், பார்வையாளர் மாதிரியோடு அதன் சான்றுகளையும் சேர்த்துப் பார்ப்பர்.

வடசென்னை என்றால் புகையும் நெரிசலும் மட்டுமே என்று எண்ணுவோருக்கு, தென்னகத்தின் நவீனம் எந்த யார்டிலிருந்து, எவருடைய தோள்களில் ஏறிப் புறப்பட்டது என்பதை அந்தக் கூடம் தெளிவாகச் சொல்லும். நாட்டில் எஞ்சியுள்ளவற்றில் மூத்த ரயில் நிலையத்தைக் கட்டடமாகக் காத்துவிட்டோம். அதை இயக்கியவர்களின் அறிவையும் காத்தால்தான் அந்தப் பாதுகாப்பு முழுமையாகும். அதற்கான முதல் வேலையை எந்த அலுவலகத்தின் உத்தரவுக்கும் காத்திராமல் ராயபுரத்தின் ஒவ்வொரு ரயில் குடும்பமும் இந்த வாரமே தொடங்கலாம்: பழைய ஆல்பத்தைத் திறந்து, படத்தில் உள்ளவர்களின் பெயர்களை வீட்டு மூத்தவரிடம் கேட்டு, அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைப்பது.